டச்பேட் அசையவில்லையா? லினக்ஸ் மடிக்கணினியில் எங்கே தேடுவது, எந்த வரிசையில் தேடுவது

லினக்ஸ் மடிக்கணினியில் டச்பேட் திடீரென்று நின்றுபோனால் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியம்தான் செய்கிறார்கள். முதலில் திரும்பத் திரும்ப ரீபூட் செய்து பார்ப்பது. அது பலிக்காவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உபுண்டுவையோ மின்ட்டையோ மறுபடி நிறுவுவது. இந்த இரண்டாவது காரியத்துக்கு ஏறக்குறைய எப்போதும் தேவை இருக்காது. அரை நாள் வீணாகும், கோப்புகள் போகும், பல நேரம் டச்பேட் அப்புறமும் அப்படியேதான் கிடக்கும்.

விரலின் அசைவு திரையில் கர்சரின் அசைவாக மாறுவதற்கு நாலு கை மாறுகிறது. முதலில் டச்பேட் என்கிற வன்பொருள். அடுத்து அதோடு பேசும் கெர்னல் டிரைவர் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி). பிறகு லிப்இன்புட் என்ற நூலகம். விரல் நகர்கிறதா, தட்டுகிறதா, உள்ளங்கை தெரியாமல் பட்டுவிட்டதா என்று முடிவு செய்வது இதுதான். கடைசியில் ஜினோம், கேடிஇ, சினமன் போன்ற டெஸ்க்டாப். தபால் வரவில்லை என்றால் எந்த ஊர் வரை வந்தது என்று விசாரிப்பது போலத்தான் இதுவும்: அசைவு எந்தக் கை வரை வந்து நின்றது என்று பார்த்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

முதலில் விசைப்பலகையை வைத்து ஓட்டுங்கள்

திறந்திருக்கும் வேலையை கண்ட்ரோல்+எஸ் அடித்துச் சேமியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஜினோமில் விண்டோஸ் படம் போட்ட விசையை (லினக்ஸில் சூப்பர் விசை என்பார்கள்) ஒரு தடவை தட்டி, வேண்டிய செயலியின் பெயரை அடித்து என்டர் கொடுத்தால் திறந்துவிடும். உபுண்டுவிலும் மின்ட்டிலும் கண்ட்ரோல்+ஆல்ட்+டி டெர்மினலைத் திறக்கும். சாளரம் மாற ஆல்ட்+டேப், மூட ஆல்ட்+எஃப்4. ஒரு சாளரத்துக்குள்ளே டேப் விசை அடுத்த பொத்தானுக்கும் ஷிஃப்ட்+டேப் முந்தைய பொத்தானுக்கும் கொண்டுபோகும். ஸ்பேஸ் அழுத்தினால் அது கிளிக். வலது கிளிக் மெனு வேண்டுமென்றால் ஷிஃப்ட்+எஃப்10.

இன்னொரு வசதி பலருக்குத் தெரிவதில்லை. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போய் மவுஸ் கீஸ் என்பதை இயக்கினால், வலப்பக்க எண் விசைகளாலேயே கர்சரை நகர்த்தலாம். 5 அழுத்தினால் கிளிக். எண் விசைகள் தனியாக இருக்கும் பெரிய மடிக்கணினிகளுக்கு மட்டும்தான் இது உதவும். வேகமாக இருக்காது, ஆனால் அவசரத்துக்குப் போதும்.

விசைப்பலகையும் அசையவில்லையா? அப்படியானால் கதை வேறு. கேப்ஸ்லாக் அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கணினிக்கு உயிர் இருக்கிறது. அணையவில்லை என்றால் கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அடித்துப் பாருங்கள். கறுப்புத் திரையில் லாகின் கேட்டால், தொங்கியது டெஸ்க்டாப்தான், டச்பேட் மேல் பழி இல்லை. திரும்பி வர உபுண்டுவில் பொதுவாக எஃப்2, மின்ட்டில் எஃப்7. எதுவுமே பலிக்காவிட்டால் பவர் பொத்தானை அமுக்கிப் பிடிக்கும் முன், ஆல்ட்டையும் பிரிண்ட்ஸ்கிரீனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எஸ் (S), யூ (U), பி (B) ஆகிய மூன்று எழுத்துகளைச் சற்று இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எஸ், வட்டில் எழுத வேண்டியதை எழுதச் செய்யும். யூ, வட்டைப் படிப்பதற்கு மட்டும் என்று மாற்றிவிடும். பி, ரீபூட் செய்யும். கோப்பு முறைமை கெடாமல் தப்பிக்க இது நல்ல வழி. சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

கட்டளைகளைப் பற்றி ஒரு வார்த்தை

இனி வரும் கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடியுங்கள். குழப்பம் வரக்கூடிய இடங்களில் எழுத்தெழுத்தாகவே சொல்லியிருக்கிறேன். முதல் மூன்று நான்கு எழுத்துகளை அடித்துவிட்டு டேப் விசையைத் தட்டினால் மீதியை டெர்மினலே நிரப்பும். எழுத்துப் பிழையிலிருந்து காப்பாற்ற இதைவிட நல்ல துணை கிடையாது. சூடோ என்பது எஸ், யூ, டி, ஓ (sudo). அதில் தொடங்கும் கட்டளைகள் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். அடிக்கும்போது திரையில் நட்சத்திரம்கூடத் தெரியாமல் இருக்கலாம், பயப்பட வேண்டாம், அடித்து என்டர் கொடுங்கள்.

ரீபூட்டுக்கும் மசியாத சின்னக் காரணங்கள்

விசைப்பலகையின் மேல் வரிசையில் டச்பேட் படம், பெரும்பாலும் குறுக்குக் கோடு போட்டபடி, ஒரு எஃப் விசையின் மேல் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் எஃப்5-லிருந்து எஃப்9-க்குள் எங்காவது இருக்கும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அதைத் தனியாக ஒரு முறையும், எஃப்என் விசையோடு சேர்த்து ஒரு முறையும் அழுத்திப் பாருங்கள். ஒலியைக் கூட்டப் போன கை இதன் மேல் பட்டுவிடுவது சர்வ சாதாரணம். பழைய எச்பி மடிக்கணினிகள் சிலவற்றில் டச்பேடின் இடது மேல் மூலையை இரண்டு முறை தட்டினால் டச்பேட் அணையும். அங்கே ஒரு சின்ன விளக்கும் எரியும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் முதலில் அந்த மூலையைப் பாருங்கள்.

ஜினோமில் இந்த விசை வெறும் பொத்தானாக வேலை செய்வதில்லை. அழுத்தினால் டச்பேட் அணைந்திருக்க வேண்டும் என்பதை அமைப்பாகவே எழுதி வைத்துவிடுகிறது. அதனால்தான் பத்து முறை ரீபூட் செய்தாலும் டச்பேட் உயிர் பெறாது. செட்டிங்ஸில் மவுஸ் அண்ட் டச்பேட் பகுதிக்குப் போய் டச்பேட் இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். டெர்மினலில் செய்வதானால்:

ஜிசெட்டிங்ஸ் ரீசெட் ஆர்க்.ஜினோம்.டெஸ்க்டாப்.பெரிஃபெரல்ஸ்.டச்பேட் செண்ட்-ஈவென்ட்ஸ்

முதல் சொல் ஜி என்ற எழுத்தும் செட்டிங்ஸும் இடைவெளி இல்லாமல் சேர்ந்தது. ஆர்க் என்பது ஓ, ஆர், ஜி. புள்ளிகளுக்கு இடையில் இடைவெளி வேண்டாம். கடைசிச் சொல்லில் நடுவில் ஒரு சிறு கோடு. ரீசெட் என்ற இடத்தில் கெட் என்று போட்டால் இப்போதைய மதிப்பை மட்டும் காட்டும்: இயங்குகிறது, அணைந்திருக்கிறது, வெளி மவுஸ் இருந்தால் அணை என்று மூன்றில் ஒன்று.

அந்த மூன்றாவதுதான் ஆட்களைச் சுற்றவிடுவது. வெளி மவுஸ் செருகியிருக்கும்போது டச்பேடை அணைத்துவிடு என்ற தேர்வு கேடிஇ, சினமன் டெஸ்க்டாப்புகளிலும் உண்டு. வயர்லெஸ் மவுஸ் வாங்கியிருப்பார்கள். பேட்டரி தீர்ந்து மவுஸ் பைக்குள் போயிருக்கும். நகக்கண் அளவு யூஎஸ்பி ரிசீவர் மட்டும் மடிக்கணினியின் ஓரத்தில் செருகியே இருக்கும். கணினியைப் பொறுத்தவரை வெளி மவுஸ் ஒன்று இருக்கிறது, ஆகவே டச்பேட் ஓய்வில். இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள், ரிசீவர் இருந்தால் பிடுங்குங்கள்.

தட்டச்சு செய்யும்போது மட்டும் கர்சர் நின்று, விரலை விசையிலிருந்து எடுத்ததும் மறுபடி ஓடுகிறதா? அது கோளாறே இல்லை. உள்ளங்கை பட்டு கர்சர் தாவாமல் இருக்க லிப்இன்புட் வேண்டுமென்றே செய்வது அது. ஒரு விசையை அழுத்தியபடியே டச்பேடால் ஆட வேண்டிய விளையாட்டுகளில் இது தொல்லை கொடுக்கும். அப்போது தட்டச்சின்போது டச்பேடை முடக்கு என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். புதிய ஜினோம் பதிப்புகளில் அது செட்டிங்ஸிலேயே கிடைக்கும்.

மடக்கித் திருப்பி டேப்லட் போல வைத்துக்கொள்ளும் மடிக்கணினி என்றால் இன்னொரு சந்தேகத்தையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். திரை பின்னால் மடங்கியிருக்கிறது என்று உணரி சொன்னால் லிப்இன்புட் டச்பேடையும் உள் விசைப்பலகையையும் சேர்த்தே முடக்கும். அந்த உணரி ஒட்டிக்கொண்டாலோ தவறாகச் சொன்னாலோ இரண்டும் ஒரே நேரத்தில் செத்தது போலக் கிடக்கும். திரையை முழுக்கப் பின்னால் மடக்கி, மறுபடி முன்னால் கொண்டுவந்து பாருங்கள். உணரிக்குக் காந்தம் பயன்படுத்தும் மடிக்கணினிகள் பல. காந்த மூடி வைத்த ஃபோன் உறையைக் கை வைக்கும் இடத்தில் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டும் பாருங்கள்.

அசைவு எதுவரை வருகிறது

மேலே சொன்னவற்றில் பிடிபடவில்லை என்றால் இனி ஊகத்துக்கு வேலை இல்லை, நேரே பார்த்துவிடலாம். டெபியன், உபுண்டு, மின்ட்டில் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று அடித்து, லிப்இன்புட்-டூல்ஸ், ஈவிடெஸ்ட் இரண்டையும் நிறுவுங்கள். லிப்இன்புட் என்பது எல், ஐ, பி, ஒட்டி இன்புட் (libinput). ஆப்ட் என்பது ஏ, பி, டி (apt). ஈவிடெஸ்ட் என்பது ஈ, வி, பிறகு டெஸ்ட். ஃபெடோராவில் முதல் பொதிக்குப் பெயர் லிப்இன்புட்-யுடில்ஸ். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஆப்ட்தான்; அது டெபியன் வழி வந்தது.

அப்புறம் இதை ஓட்டுங்கள்:

சூடோ லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ்

முதலில் கணினியில் உள்ள எல்லா உள்ளீட்டுச் சாதனங்களின் பெயரும் வரிசையாக வரும். பவர் பட்டன், லிட் ஸ்விட்ச், விசைப்பலகை என்று போகும் அந்தப் பட்டியலில் டச்பேட் என்ற சொல்லோ, சினாப்டிக்ஸ், எலான், ஆல்ப்ஸ் போன்ற ஒரு தயாரிப்பாளர் பெயரோ இருக்க வேண்டும். பட்டியல் நின்றதும் விரலை டச்பேடில் ஓட்டுங்கள். வேலை செய்தால் பாயின்டர் மோஷன் என்று பெரிய எழுத்தில் காட்டும் வரிகள் சரசரவென்று ஓடும். நிறுத்த கண்ட்ரோல்+சி.

இந்தக் கருவி டெஸ்க்டாப்பின் அமைப்புகளைக் கண்டுகொள்வதே இல்லை. தானாகவே சாதனத்தைத் திறந்து படிக்கிறது. ஆகவே இங்கே வரிகள் ஓடி, திரையில் கர்சர் மட்டும் அசையவில்லை என்றால் குற்றவாளி டெஸ்க்டாப்தான். மேலே சொன்ன செட்டிங்ஸை மறுபடி ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் நுழைந்து பார்ப்பதும் நல்ல சோதனை: அங்கே டச்பேட் ஓடினால் உங்கள் கணக்கின் அமைப்பு கெட்டிருக்கிறது என்று பொருள்.

வரிகள் வரவில்லை என்றால் ஒரு படி கீழே இறங்குங்கள். சூடோ ஈவிடெஸ்ட் அடித்தால் சாதனங்களை எண்ணோடு காட்டும். டச்பேடின் எண்ணைக் கொடுத்து விரலை ஓட்டுங்கள். இது கெர்னல் தருவதை நேரடியாகக் காட்டுவது. ஈவிடெஸ்டில் எண்கள் ஓடி லிப்இன்புட்டில் ஒன்றும் வராவிட்டால், லிப்இன்புட் ஏதோ காரணத்தால் டச்பேடை முடக்கி வைத்திருக்கிறது. டேப்லட் உணரியும் மூடி உணரியும்தான் முதல் சந்தேகம். ஈவிடெஸ்டிலும் மௌனம், அல்லது பட்டியலில் டச்பேடே இல்லை என்றால் கெர்னல், வன்பொருள் இரண்டில் ஒன்று.

இணையத்தில் தேடும்போது சின்கிளையன்ட், எக்ஸ்இன்புட் என்று கட்டளைகள் கொடுக்கும் பழைய குறிப்புகள் நிறைய வந்து நிற்கும். அவை எக்ஸ்11 காலத்துச் சரக்கு. எக்ஸ்11 என்பது திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய முறை, வேலண்ட் அதன் இடத்துக்கு வந்த புதிய முறை. உபுண்டு 21.04-லிருந்து பெரும்பாலான கணினிகளில் வேலண்ட்தான் இயல்பாக வருகிறது. அங்கே சின்கிளையன்ட் வேலைக்கே ஆகாது, எக்ஸ்இன்புட் உண்மையான டச்பேடைக் காட்டாமல் எக்ஸ்வேலண்ட் என்று தொடங்கும் போலிப் பெயர்களைக் காட்டும். அதைப் பார்த்து டச்பேடே காணாமல் போய்விட்டது என்று மிரள வேண்டாம்.

கெர்னல் என்ன சொல்கிறது

டச்பேட் மடிக்கணினிக்குள் எந்த வழியில் இணைந்திருக்கிறது என்பது இங்கே முக்கியம். பழைய வழி பிஎஸ்2. 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த இணைப்பு. வெளியில் அந்தத் துளைகள் மறைந்து வெகு காலமாகியும் மடிக்கணினிக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. இதைக் கவனிக்கும் டிரைவர் பிஎஸ்மவுஸ். புதிய வழி ஐ2சி. இதன் வழியாக மவுஸ், டச்பேட் பேசும் முறையை மைக்ரோசாஃப்ட் 2012-ல் விண்டோஸ் 8 காலத்தில் வெளியிட்டது. இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இதுதான்.

உங்களுடையது எது என்று அறிய:

சூடோ டிமெசெக் | கிரெப் -ஐ -ஈ பிஎஸ்மவுஸ் -ஈ ஐ2சி_ஹிட்

டிமெசெக் என்பது டி, எம், இ, எஸ், ஜி (dmesg). கிரெப் என்பது ஜி, ஆர், இ, பி (grep). நடுவில் இருப்பது என்டர் விசைக்குப் பக்கத்தில் உள்ள செங்குத்துக் கோடு. பிஎஸ்மவுஸ் என்பது பி, எஸ், பிறகு மவுஸ், இடைவெளி இல்லாமல் (psmouse). கடைசிச் சொல் ஐ, 2, சி, அடிக்கோடு, எச், ஐ, டி (i2c_hid).

வரும் வரிகளில் லாஸ்ட் சிங்க் அட் பைட் என்று தென்பட்டால் பிஎஸ்2 டச்பேட் தடுமாறுகிறது. சினாப்டிக்ஸ் டச்பேட் ஒவ்வொரு அசைவையும் 6 பைட் கொண்ட பொட்டலமாக அனுப்பும். நடுவில் ஒரு பைட் தவறினால் எது முதல் பைட், எது கடைசி பைட் என்பதே கெர்னலுக்குப் புரியாமல் போகும். எப்போதாவது ஒரு வரி வந்தால் விட்டுவிடலாம். தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால்தான் பிரச்சினை. ஐ2சி பக்கம் ஃபெயில்ட் டு ரீசெட் டிவைஸ், இன்கம்ப்ளீட் ரிப்போர்ட் போன்ற வரிகள் வந்தால் டச்பேட் சரியாக விழித்துக்கொள்ளவில்லை.

இரண்டுக்கும் முதல் மருந்து டிரைவரை இறக்கி ஏற்றுவது. பிஎஸ்2 என்றால்:

சூடோ மாட்ப்ரோப் -ஆர் பிஎஸ்மவுஸ்
சூடோ மாட்ப்ரோப் பிஎஸ்மவுஸ்

ஐ2சி என்றால் பிஎஸ்மவுஸ் என்ற இடத்தில் ஐ2சி_ஹிட்_ஏசிபிஐ (i2c_hid_acpi) என்று இரண்டு வரியிலும் போடுங்கள். மாட்ப்ரோப் என்பது எம், ஓ, டி, அதோடு ஒட்டி பி, ஆர், ஓ, பி, இ (modprobe). முதல் வரி டிரைவரை இறக்குகிறது, இரண்டாவது ஏற்றுகிறது. இதனால் எதுவும் கெடாது. ரீபூட் செய்தால் எல்லாம் பழையபடிதான்.

சில வழங்கல்களில் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளை அப்படிச் சொல்வார்கள்) பிஎஸ்மவுஸ் கெர்னலுக்குள்ளேயே பதிந்திருக்கும். அங்கே மாட்ப்ரோப் அது பில்ட்இன் என்று மறுத்துவிடும். அதற்கும் வழி உண்டு:

எக்கோ -என் ரீகனெக்ட் | சூடோ டீ /சிஸ்/பஸ்/சீரியோ/டிவைசஸ்/சீரியோ1/டிஆர்விசிடிஎல்

எக்கோ என்பது ஈ, சி, எச், ஓ. டீ என்பது டி, ஈ, ஈ (tee). சிஸ் என்பது எஸ், ஒய், எஸ். சீரியோ என்பது எஸ், ஈ, ஆர், ஐ, ஓ. கடைசிச் சொல் டி, ஆர், வி, சி, டி, எல் (drvctl). சாய்கோட்டுக்குப் பிறகு ஓரிரு எழுத்து அடித்து டேப் தட்டினால் தானே நிரம்பும். டிமெசெக்கில் டச்பேட் வரியில் சீரியோ1-க்குப் பதில் வேறு எண் இருந்தால் அந்த எண்ணைப் போடுங்கள்.

மூடித் திறந்த பிறகு நின்றுபோனால்

மிக அதிகமாகக் கேட்கும் புகார் இதுதான்: மடிக்கணினியை மூடி வைத்தேன், திறந்தேன், விசைப்பலகை ஓடுகிறது, டச்பேட் ஓடவில்லை. தூக்கத்திலிருந்து எழும்போது டச்பேடுக்கு மின்சாரம் மறுபடி வந்து, அது தயாராவதற்குள் டிரைவர் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் இல்லை என்று ஒதுங்கிவிடும்போது இப்படி ஆகும். மேலே சொன்ன இறக்கி ஏற்றும் இரண்டு வரிகள் பெரும்பாலும் இதைத் தீர்க்கும். பலித்தால் ஒவ்வொரு முறையும் கையால் அடிக்க வேண்டியதில்லை.

கணினியின் பின்னணிச் சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டியைப் பயன்படுத்தும் வழங்கல்களில் /யுஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஸ்லீப் என்று ஒரு கோப்புறை இருக்கிறது. அதில் வைக்கும் ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பை) கணினி தூங்கும் முன்பும் எழுந்த பின்பும் சிஸ்டம்டி தானே ஓட்டும். தூங்கும் முன் ஓட்டும்போது முதல் வாதமாக ப்ரீ என்று கொடுக்கும், எழுந்த பின் போஸ்ட் என்று கொடுக்கும். ஆகவே முதல் வாதம் போஸ்ட்டாக இருந்தால் அந்த இரண்டு மாட்ப்ரோப் வரிகளையும் ஓட்டு என்ற ஒரே நிபந்தனை கொண்ட ஷெல் ஸ்கிரிப்ட் போதும். உள்ளே சூடோ தேவையில்லை, அது ரூட்டாகவே (முழு நிர்வாகி உரிமையோடு) ஓடும். சிஎச்மாட் +எக்ஸ் கொடுத்து இயங்கும் கோப்பாக மாற்ற மறக்காதீர்கள். ஸ்கிரிப்ட் சரியாக இருந்தும் பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அப்டேட்டுக்குப் பிறகு நின்றால்

நேற்று ஓடியது, அப்டேட் போட்டதும் நின்றது என்றால் பழைய கெர்னலில் ஏறிப் பாருங்கள். கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையை ஒரு முறை தட்டினால் (பழைய பயாஸ் கணினிகளில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டால்) எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் என்ற வரிக்குள் முந்தைய கெர்னல் இருக்கும். அதில் டச்பேட் ஓடினால் புதிய கெர்னலில்தான் சிக்கல். அடுத்த அப்டேட் வரும்வரை பழையதிலேயே காலத்தை ஓட்டலாம்.

சில சினாப்டிக்ஸ் டச்பேடுகள், குறிப்பாக லெனோவோவின் திங்க்பேடுகளில் இருப்பவை, பிஎஸ்2, எஸ்எம்பஸ் என்று இரண்டு வழியிலும் பேசத் தெரிந்தவை. டிமெசெக்கில் இந்த டச்பேட் வேறொரு பஸ்ஸையும் ஆதரிப்பதாகச் சொல்கிறது என்று ஒரு வரி வந்தால் அதுதான் அறிகுறி. கெர்னல் தேர்ந்தெடுத்த வழி ஒத்துவராவிட்டால் பிஎஸ்மவுஸ்.சினாப்டிக்ஸ்_இன்டர்டச்=1 என்றோ =0 என்றோ கொடுத்து மாற்றலாம். அளபுருவில் சினாப்டிக்ஸ் எஸ், ஒய், என், ஏ, பி, டி, ஐ, சி, எஸ் (synaptics). இதை நேரே நிரந்தரமாக எழுதிவிடாதீர்கள். கிரப் மெனுவில் ஈ விசையை அழுத்தினால் தொடக்கக் கட்டளை திறக்கும்; லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு இதை அடித்து, கண்ட்ரோல்+எக்ஸ் கொடுங்கள். இந்த ஒரு முறைக்கு மட்டும் அப்படித் தொடங்கும். பலித்தால் அப்புறம் /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் சேர்த்து சூடோ அப்டேட்-கிரப் ஓட்டுங்கள்.

விண்டோஸும் அதே கணினியில் இருக்கிறதா? விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், ஷட்டவுன் கொடுத்தாலும் கணினியை முழுதாக அணைப்பதில்லை. கெர்னலை உறங்க வைத்துவிட்டுப் போகிறது. அதை அணைத்துவிடுங்கள். விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வரும்போது மட்டும் டச்பேட் முரண்டு பிடித்தால், முழுக்க அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

பயாஸையும் (லினக்ஸ் தொடங்கும் முன்பே திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) ஒரு எட்டு பார்த்துவிடலாம். திங்க்பேடுகளில் கான்ஃபிக் பகுதியில் டிராக்பேடை அணைக்கும் தேர்வு இருக்கிறது. ஏசர் மடிக்கணினிகள் பலவற்றில் மெயின் பக்கத்தில் டச்பேட் என்ற வரிக்கு அட்வான்ஸ்ட், பேசிக் என்று இரண்டு தேர்வு. அட்வான்ஸ்ட் என்றால் ஐ2சி, பேசிக் என்றால் பிஎஸ்2. ஐ2சியில் எதுவுமே பலிக்காத ஏசரில் பேசிக்குக்கு மாற்றினால் டச்பேட் ஓடத் தொடங்கலாம். பல விரல் சைகைகளை இழக்க நேரலாம், ஆனாலும் கர்சர் நகரும்.

வன்பொருள்தானா?

சந்தேகம் தீர்க்க நேரான வழி லைவ் யூஎஸ்பி. வேறொரு லினக்ஸை, இப்போது இருப்பதைவிடப் புதிய பதிப்பாகப் பார்த்து, பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே தொடங்குங்கள். அங்கே டச்பேட் ஓடினால் வன்பொருள் நன்றாக இருக்கிறது. அங்கேயும் ஓடாமல், பயாஸ் மெனுவிலும் (சில மடிக்கணினிகளில் அங்கேயே கர்சர் வரும்) ஓடாவிட்டால் கிட்டத்தட்ட வன்பொருள்தான்.

கடைக்குப் போகும் முன் ஒன்று: சார்ஜரைக் கழற்றி, கணினியை அணைத்து, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து விடுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். உள்ளே இருக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு புதிதாகத் தொடங்கும். லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் செத்துக் கிடந்த டச்பேட் இதில் எழுந்துவிடுவது உண்டு.

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் கர்சர் துள்ளுகிறதா? டச்பேட் உங்கள் விரலின் மின் ஏற்பை அளந்து வேலை செய்வது. எர்த் இல்லாத சாக்கெட்டில், அல்லது மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனையாக்கும் அடாப்டரில் செருகினால் அந்த அளவீட்டில் இரைச்சல் புகும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். சரியானால் எர்த் உள்ள சாக்கெட்டுக்கு மாறுங்கள். வியர்வை, எண்ணெய், ஈரம் ஒட்டிய டச்பேடையும் லேசாக ஈரமான துணியால் துடைத்து உலர விடுங்கள்.

இனி சொல்வதை மட்டும் அலட்சியப்படுத்த வேண்டாம். டச்பேடின் கிளிக் இறுகிப்போய் அழுத்தினால் அமுங்கவில்லை, அல்லது ஒரு ஓரம் மேலே எழும்பியிருக்கிறது, அல்லது மேசையில் வைத்தால் மடிக்கணினி ஆடுகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். பல மாடல்களில் பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழேயே இருக்கிறது. உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. சார்ஜரை உடனே பிடுங்கி, அணைத்து, டச்பேடை அமுக்காமல், குத்தாமல், பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். எந்தக் கட்டளையும் இதைச் சரிசெய்யாது.

அண்மையில் கீபோர்டோ ரேமோ மாற்றிய பிறகு டச்பேட் நின்றிருந்தால் உள்ளே அந்தப் பட்டையான ரிப்பன் கேபிள் சரியாகச் செருகப்படாமல் இருக்கலாம். கணினியைத் திறந்து வேலை செய்த கடையிலேயே கேளுங்கள், அதற்குத் தனியாகக் காசு கேட்க நியாயமில்லை.

வெளி மவுஸ் நின்றால்

யூஎஸ்பி மவுஸ் என்றால் சூடோ டிமெசெக் -டபிள்யூ ஓட்டிவிட்டு மவுஸைப் பிடுங்கிச் செருகுங்கள். செருகியதும் புது வரிகள் வந்தால் கணினி அதைப் பார்க்கிறது. வரிகளே வராவிட்டால் வேறு துளை, வேறு மவுஸ். சில நொடி சும்மா விட்டால் மவுஸ் தூங்கிவிடுகிறது, கிளிக் செய்தால்தான் விழிக்கிறது என்றால் மின் சேமிப்பு வேலை. மின் சேமிப்புக் கருவியான பவர்டாப்பின் ஆட்டோ-ட்யூன் ஓட்டியிருந்தால் அதுதான் காரணமாக இருக்கும்.

வயர்லெஸ் ரிசீவர் திக்கித் திணறினால் பக்கத்துத் துளையில் யூஎஸ்பி 3 பென்டிரைவோ ஹார்டிஸ்கோ இருக்கிறதா பாருங்கள். யூஎஸ்பி 3 எழுப்பும் வானொலி இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சாதனங்களைப் பாதிக்கும் என்று இன்டெலே 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ரிசீவரை மறுபக்கத் துளைக்கு மாற்றினால் போதும்.

லினக்ஸ் அல்லாமல் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கு மாட்ப்ரோப்பும் சிஸ்டம்டியும் கிடையாது. பிஎஸ்2 டச்பேடை அங்கே கவனிப்பது பிஎஸ்எம் டிரைவர். ஐ2சி டச்பேடுகளுக்கான ஆதரவு 13.0 பதிப்பிலிருந்து அடிப்படை அமைப்பிலேயே வருகிறது. கறுப்புத் திரையில் கர்சர் செத்தால் ரூட்டாக சர்வீஸ் மவுஸ்டி ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்.

உதவி கேட்கும் முன்

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் தெரிந்தவர்களிடம் கேட்பதில் தவறில்லை. டச்பேட் வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதினால் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்பார்கள். மடிக்கணினியின் சரியான மாடல் பெயர், வழங்கலும் பதிப்பும், யூநேம் -ஆர் காட்டும் கெர்னல் எண், வேலண்டா எக்ஸ்11-ஆ, டிமெசெக்கில் டச்பேட் தொடர்பான வரிகள், ஈவிடெஸ்டில் அசைவு தெரிந்ததா இல்லையா, லைவ் யூஎஸ்பியில் என்ன ஆனது ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். கர்சர் ஓடுகிறது, ஆனால் தாறுமாறாக ஓடுகிறது என்ற வகைக் கோளாறு என்றால் சூடோ லிப்இன்புட் ரெக்கார்ட் ஓட்டி, கோளாறு நடக்கும் அந்தச் சில நொடிகளைப் பதிவு செய்து கோப்பாக இணையுங்கள். விசைப்பலகையையும் சேர்த்துப் பதிவு செய்தால்கூட நீங்கள் அடித்த எழுத்துகளை அந்தக் கருவி இயல்பாகவே மறைத்துவிடும். இருந்தாலும் பதிவு ஓடும்போது கடவுச்சொல் எதையும் அடிக்காமல் இருங்கள்.